பேர் சொல்லி ஜெபிக்கிறவள்

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, மெற்றில்டா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை எவ்லின் கண்டாள். மற்றப் பெண்கள் எல்லாரும் இன்னும் கண் மூடி, முக்காட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மெற்றில்டாவின் கண்கள் ஜெபத்தின் நடுவிலேயே திறந்துவிட்டவை போலிருந்தன. முகத்தில் இரத்தமே இல்லை.

எவ்லினுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மெற்றில்டாவின் பார்வை மெல்ல நகர்ந்து, பாய்க்கு முன்னால் ஒரு ஸ்டாண்டில் பொருத்தியிருந்த கைப்பேசியில் போய் நின்றது. லைவ் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான், சற்று முன் தன் வாயிலிருந்து போனது என்ன என்பது அவள் காதுக்கே திரும்பி வந்தது.

"கொட்டாஞ்சேனையில, மெற்றில்டா சகோதரி வீட்டுல அடைக்கலமா இருக்கிற உம்முடைய மகள் டிலக்ஷிய நினைச்சருளும் ஆண்டவரே. அடிக்கிற புருசன் கண்ணுக்குத் தெரியாம அவளை மறைச்சு வையும்."

மறைத்து வை என்று கேட்ட அதே மூச்சில், மறைத்து வைத்த இடத்தையும் சொல்லியிருந்தாள். அதுவும் மைக்கில்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புச் சாமான் கடையின் மேல்மாடிதான் அவர்களுடைய சபை. வெள்ளிக்கிழமைகளில் அங்கே பெண்கள் உபவாச ஜெபம். குவைத்துக்கும் டோஹாவுக்கும் வீட்டு வேலைக்குப் போன சகோதரிகளுக்காகத்தான் லைவ் போடத் தொடங்கினார்கள். எஜமானிக்குத் தெரியாமல் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரையும் திறந்துவிட்டு, அவர்கள் கேட்பார்கள். "எவ்லின் அக்கா ஜெபிக்கட்டும்" என்று எழுதி அனுப்புவார்கள். எவ்லின் ஜெபித்தால் தங்கள் பேர் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எவ்லின் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். தோட்டத்து டிஸ்பென்சரியில் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த நர்ஸின் பேரை அவளுக்கு வைத்தார்கள். எழுத்துக் கூட்டப் பழகிய வயதிலேயே, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டில் அவளுக்கு முன்பு வேலை செய்தவள் ராணி. அவளுக்கும் முன்பிருந்தவள் வேறு யாரோ, ஆனால் அவளும் ராணிதான். எவ்லின் வந்ததும் அவளையும் ராணி என்றே கூப்பிட்டார்கள். புதுப் பேரைப் பழகுவது வீட்டுக்காரருக்குச் சிரமமாம். கல்யாணம் முடித்து, கணவனையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, கொட்டாஞ்சேனையில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிவந்து, யாரோ கூப்பிட்டு முதன்முதலாக அந்த மேல்மாடிக்கு ஏறிய நாளில், முன்பின் தெரியாத ஒரு பெண் பேரைக் கேட்டு, அவள் தலையில் கை வைத்து, "உம்முடைய மகள் எவ்லின்" என்று ஜெபித்தாள். எவ்லின் அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்தவர்கள், இவளுக்குப் பெரிய பாவப் பாரம் இருக்கிறது என்று நினைத்தார்கள். பாரமெல்லாம் ஒன்றுமில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அவள் பேரை ஒருவர் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து பேர் சொல்லித்தான் ஜெபிப்பாள். பேர் போதாதென்று ஊரும் உறவும் நோவும் சொல்வாள். ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால் எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று வியாழக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்வாள். "எவ்லின் அக்கா ஜெபிச்சா ஆண்டவர் ஒருத்தரிட்டயும் வழி கேக்கத் தேவையில்ல" என்று சபையில் பகிடி பண்ணுவார்கள். அவளுக்கு அந்தப் பகிடி பிடிக்கும். பகலெல்லாம் வெள்ளவத்தைக் கடையொன்றின் பின்கட்டில் இடியப்பம் பிழிகிற ஒருத்தியை, மைக்கைக் கொடுத்து நடுவில் இருத்துகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதானே.

டிலக்ஷி வத்தளையில் உள்ள கிளைச் சபையைச் சேர்ந்தவள். ஒரு காலைப்பொழுதில், உடுத்த உடுப்போடு மெற்றில்டாவின் கதவைத் தட்டியிருக்கிறாள். சபைக் கன்வென்ஷன் ஒன்றில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைத் தவிர இருவருக்கும் வேறு பழக்கமில்லை. மெற்றில்டா தையல் மெஷினோடு தனியாகச் சீவிப்பவள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. துணி வெட்டுகிற உள்ளறையை ஒழித்துக் கொடுத்தாள். பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டாயிற்று; அது கையில் வரும் வரைக்கும் அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று புருசன் நிரோஷனுக்குத் தெரியக்கூடாது. அடிபட்ட காதைக் காட்ட டிலக்ஷியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஒரு துணை வேண்டியிருந்தபோதுதான், மெற்றில்டா எவ்லினிடம் விசயத்தைச் சொன்னாள்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதீங்க அக்கா. ஜெபத்தில மட்டும் வையுங்க."

எவ்லினும் சொன்ன சொல் தவறவில்லை. பக்கத்து அறைக்காரியிடமோ கடையிலோ ஒரு வார்த்தை விடவில்லை. ஜெபத்தில் மட்டும் வைத்தாள்.

மாடிப்படியில் மெற்றில்டா அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நா யாருகிட்டயும் சொல்லல மெற்றில்டா. ஆண்டவருகிட்டதான் சொன்னேன்."

"மைக்கைப் பிடிச்சுக்கொண்டு சொன்னீங்க, அக்கா."

பாஸ்டர் பாலசுந்தரம் விசயத்தைக் கேட்டுப் பதறிப்போய், லைவை உடனே அழித்தார். அழிப்பதற்கு முன் அதன் கீழே வந்திருந்தவற்றை மெற்றில்டா வாசித்துவிட்டாள். குவைத்திலிருந்து ஸ்தோத்திரம், டோஹாவிலிருந்து அல்லேலூயா. நடுவில் ஒன்று: "ஆமென். எங்கட மருமகளுக்காக ஜெபிச்ச சகோதரிக்கு நன்றி." பக்கத்தில் கைகூப்பிய பொம்மை.

"இது நிரோஷன்ட அம்மா" என்றாள் மெற்றில்டா. "அந்த மனுசிக்கு எல்லாச் சபை லைவும் பாக்கிறதுதான் வேலை."

வத்தளை ஒன்றும் தூரத்தில் இல்லை.

மெற்றில்டா குடியிருந்த குறுகிய ஒழுங்கைக்கு இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். டிலக்ஷி உள்ளறையில் இருந்து காஜா தைத்துக்கொண்டிருந்தாள். விசயத்தைக் கேட்டதும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள், எழுந்தாள், யாரையும் ஏசவில்லை. இப்படி எழும்பி ஓடிப் பழகிவிட்ட ஒருத்தியின் எழும்பல் அது. எவ்லினுக்கு அதைப் பார்க்க, அவள் தனக்கு இரண்டு அடி போட்டிருந்தாலும் நன்றாயிருக்கும் போலிருந்தது.

"நீங்க கூட்டிக்கொண்டு போங்க" என்றாள் மெற்றில்டா. "அவன் வந்தா நான் கதைச்சுக்கொண்டு நிக்கிறன்."

"ஒத்தையிலயா?"

"வாசல்ல நிண்டு கதைக்கிறன். ஒழுங்கை முழுக்கச் சனம்தானே. போங்க அக்கா, நிண்டு கதைக்கிற நேரமா இது."

முச்சக்கர வண்டிக்காரன் சிங்களவன். "கொஹாட்டத அக்கே?" என்று எங்கே போக வேண்டுமென்று கேட்டான். வெள்ளவத்தை என்று சொல்லிவிட்டு, வண்டியின் இரண்டு பக்கத்து மழைச்சீலையையும் இறக்கச் சொன்னாள் எவ்லின். நல்ல வெயில். அவன் ஒரு தரம் இவர்களைத் திரும்பிப் பார்த்தான், பிறகு இறக்கினான்.

வண்டி ஊர்ந்தது. எவ்லின் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைய மன்னிச்சிரு புள்ள" என்றாள்.

டிலக்ஷி முகத்தைத் திருப்பினாள். "இந்தப் பக்கம் இருந்து கதையுங்க அக்கா. அந்தக் காது கேக்காது."

இரண்டாம் தரம் சொல்ல எவ்லின் வாயெடுத்தபோது, ஒழுங்கை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் உள்ளே திரும்பியது. சீலையின் கிழிசலுக்குள்ளால் டிலக்ஷி அதைக் கண்டாள். அப்படியே மடிந்து எவ்லினின் மடியில் முகத்தைப் புதைத்தாள். எவ்லின் தன் சேலைத் தலைப்பை அவள்மேல் போட்டு மூடினாள். சைக்கிள், வண்டியை உரசிக்கொண்டு கடந்தது. தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. மடியில் அந்தப் பிள்ளையின் பல்லுக் கிட்டுகிற நடுக்கம் மட்டும் காலி ஊருக்குப் போகிற காலி வீதி வரும் வரைக்கும் நிற்கவில்லை.

எவ்லின் இடியப்பம் பிழிகிற கடையின் சொந்தக்காரி அருந்ததி, யாழ்ப்பாணத்துக்காரி. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையப் பேச்சு. மாச்சாக்கு அடுக்கியிருக்கிற பின்னறையில் ஒரு பிள்ளை சில நாள் தங்கலாமா என்று எவ்லின் கேட்டாள். எதற்காக என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"தங்கட்டும். ஆனா அவள் ஆர், எவரின்ர பிள்ளை எண்டு எனக்குச் சொல்லாதை" என்றாள் அருந்ததி. "எனக்கும் வாய் காவல் இல்லை. உன்னைப்போல மைக்தான் இல்லை." பிறகு டிலக்ஷியிடம் திரும்பி, "பிள்ளை, மா குழைப்பீரோ?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை பாஸ்டர் எவ்லினைக் கூப்பிட்டனுப்பினார். நிரோஷன் முதல்நாள் மெற்றில்டாவின் வாசலில் நின்று கத்திவிட்டு, ஒழுங்கைச் சனம் கூடியதும் போய்விட்டானாம். இன்றைக்கு அவரிடம் வந்து காலில் விழாத குறையாக அழுதானாம். பாஸ்டர் கெட்டவர் அல்ல. அவருடைய சொந்த அப்பா குடித்துச் சீரழிந்து, பிறகு திருந்தியவர். அழுகிற எந்த ஆணைக் கண்டாலும் அவருக்குத் தன் அப்பா ஞாபகத்துக்கு வந்துவிடுவார்.

"அவரும் ஞானஸ்நானம் எடுத்த விசுவாசிதானே, சிஸ்டர். நாங்க அவரையும் நேசிக்கத்தானே வேணும்."

"நேசிக்கலாங்கய்யா. அதுக்காக அந்தப் புள்ளைய கொண்டுபோயி அவரு கையில குடுக்கணுமா?"

"குடுக்கச் சொல்லேல்ல. இருத்திக் கதைப்பம். குடும்பம் சேரோணும். விசுவாசிகள் கோர்ட்டு, பொலிஸ் எண்டு அலையிறது சபைக்கு நல்ல சாட்சி இல்ல."

"அவ காது ஒன்னு கேக்காதுங்கய்யா."

அது பாஸ்டருக்குத் தெரிந்திருக்கவில்லை போலிருந்தது. பிறகு, "இப்ப பிள்ளை எங்க நிக்குது?" என்று கேட்டார்.

பாஸ்டர் கேட்டு எவ்லின் ஒன்றைச் சொல்லாமல் விட்டதில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "சொல்ல மாட்டேன்யா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நிரோஷன் வந்தான். வெள்ளைச் சேட்டு, அழுத்திச் சீவிய தலை, எலும்பும் தோலுமான முகம். பார்த்தால் பாவமாக இருந்தது. சாட்சி நேரத்தில் தானே எழுந்து முன்னால் வந்தான். "நான் பாவி. என்ட மனுசியில கை வச்சனான். அவ வந்தா கால்ல விழுவன்" என்று சொல்லி விம்மினான். நடுவரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் "அல்லேலூயா" என்றார். மெற்றில்டா மட்டும் சுவரோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவன் பொய்யாக அழுதான் என்று எவ்லினுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. இந்த அழுகை உண்மையாக இருந்தும், அந்தப் பிள்ளை அப்படி நடுங்கியதே.

நிரோஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாஸ்டரிடம் சொன்னான்: "எவ்லின் அக்கா எனக்காக ஜெபிக்கோணும். அவதானே வெள்ளிக்கிழமை எங்கட குடும்பத்துக்காக ஜெபிச்சவ."

சபை முழுதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. மாட்டேன் என்றால், அழுகிற சகோதரனுக்கு ஜெபிக்க மறுத்தவள் ஆவாள். எழுந்து போனாள். அவன் முழங்காலில் நின்றான். பாஸ்டர் மைக்கைக் கையில் கொடுத்தார். எவ்லின் இடது கையை அவன் தோளில் வைத்துக் கண்ணை மூடினாள்.

வழக்கம்போல எல்லாரும் கூடவே சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். மாடி அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் எவ்லின் அவன் பேரைச் சொன்னாள், அவன் அம்மாவின் பேரைச் சொன்னாள், அவன் கோபத்துக்காகக் கேட்டாள். பேர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே வரத் தொடங்கின. அது அவளுடைய பழக்கம்; மாவை இடியப்ப உரலில் போட்டுப் பிழிந்தால் இழையிழையாக இறங்குவதுபோல, ஒன்று வந்தால் அடுத்தது வரும். நிரோஷன் என்றதும் டிலக்ஷி வந்தாள். டிலக்ஷி என்றதும் மாச்சாக்கு அடுக்கிய அறை, அருந்ததி, காலி வீதி எல்லாம் தொண்டைக்குள் வந்து நின்றன.

அப்போது அவளுடைய மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஜெபத்தில் உருகிப் பிடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிடி இறுகியது. கீழே இருந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் நிரோஷன் கேட்டான்.

"எங்க அவ?"

எவ்லின் ஜெபித்துக்கொண்டே இருந்தாள். வளையல் எலும்பில் அழுந்தியது.

"சொல்லு. எங்க வச்சிருக்கிறாய்?"

"உம்முடைய மகள்…" என்று அவள் வாய் தொடங்கிவிட்டது. அடுத்த சொல் வெளியே விழுவதற்கு முன், எவ்லின் வாயை மூடினாள்.

இத்தனை வருசத்தில் எவ்லின் அக்கா ஜெபத்தின் நடுவில் நின்றதில்லை. சபை தொடர்ந்து சத்தம் போட்டது. பிறகு முன்னின்று ஜெபிக்கிற குரல் இல்லாததை ஒவ்வொருவராக உணர்ந்து குறைத்தார்கள். பிறகு முழு மாடியும் அமைதியானது. மைக் அவள் கையில் திறந்தபடியே இருந்தது.

"சொல்லடி, எங்க அவ?"

அது ஒலிபெருக்கியில் கேட்டது. கண்கள் திறந்தன. வெள்ளைச் சேட்டுப் போட்ட தம்பி முழங்காலில் நின்றபடி, ஒரு வயதான பெண்ணின் கையை முறுக்கிப் பிடித்திருப்பதை எல்லாரும் கண்டார்கள்.

பாஸ்டர்தான் முதலில் அசைந்தார். அவர் முகம் கறுத்திருந்தது. "கையை எடுங்க, தம்பி" என்றார். நிரோஷன் கையை எடுத்தான். எழுந்து, சுற்றிப் பார்த்து, "எல்லாரும் சேர்ந்துதான் ஒளிச்சு வச்சிருக்கிறீங்க" என்றான். மெற்றில்டா சுவரோரத்திலிருந்து வந்து எவ்லின் பக்கத்தில் நின்றாள். நடுவரிசைப் பெண்களும் வந்தார்கள். அவர்களில் அரைவாசிப் பேருக்கு டிலக்ஷி யாரென்றே தெரியாது.

அவன் படியிறங்கிப் போனான். ஆனால் போய்விடவில்லை. யன்னலால் பார்த்தபோது, எதிர்ப்பக்கத்து மூடிய கடையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு மாடிப்படியையே பார்த்தபடி இருந்தான். எவ்லின் எங்கே போகிறாள் என்று பார்த்தால் போதும் அவனுக்கு. அவள் வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போகிறவள் என்பது தெரிந்துகொள்ள முடியாத விசயமும் இல்லை.

"பிள்ளையை அங்கயிருந்து எடுக்கோணும். இண்டைக்கே" என்றாள் மெற்றில்டா.

பாஸ்டர் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நேற்றுப் பேசியவற்றில் ஒன்றையும் அவர் திரும்பப் பேசவில்லை. "என்ட வானை எடுங்க" என்று சாவியை நீட்டினார். "பின்பக்கத்தால போகலாம். நான் ஓட்டுறன் எண்டாலும் ஓட்டுறன்." பிறகு எவ்லினைப் பார்த்து, "எங்க போகோணும் எண்டு மெற்றில்டா சிஸ்டருக்குச் சொல்லுங்க. எனக்குச் சொல்லத் தேவையில்ல, ஓடேக்க வழி காட்டினாச் சரி" என்றார்.

எவ்லின் மெற்றில்டாவின் காதில் சொன்னாள். எந்தக் கடை, எந்தப் பக்கத்துக் கதவு, அருந்ததியிடம் என்ன சொல்ல வேண்டும், எல்லாம்.

"அங்கயிருந்து எங்க கொண்டு போறம் எண்டு…" என்று மெற்றில்டா தொடங்கினாள்.

"எங்கிட்ட சொல்லாத."

"அக்கா, நான் கோவத்தில…"

"கோவம் இல்ல மெற்றில்டா. எனக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா என்னைக்காவது வாயில வந்துரும்."

மெற்றில்டா அவள் கையை எடுத்து, சிவந்திருந்த மணிக்கட்டைத் தன் முகம் துடைக்கிற லேஞ்சியால் சுற்றிவிட்டாள்.

வான் பின்பக்கத்தால் போக வேண்டுமென்றால், முன்பக்கத்தில் இருப்பவனின் கண் வேறெங்காவது இருக்க வேண்டும். எவ்லின் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்படியால் தனியாக இறங்கினாள். பின்னால் சற்றுத் தள்ளி, ஆராதனை முடிந்து பேசிக்கொண்டு வருகிற மாதிரி, இரண்டு சகோதரிகள் வந்தார்கள். தெருவில் வெயில் வெளுத்துக் கிடந்தது. நிரோஷன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வெள்ளவத்தை பஸ் நிற்கிற பக்கம் தெற்கே. எவ்லின் வடக்கே திரும்பி, முகத்துவாரம் போகிற வீதியில் நடக்கத் தொடங்கினாள். சனம் கூடிய பக்கமாகவே நடந்தாள். பின்னால் சைக்கிள் உயிர்பெற்று, உறுமி, அவளுடைய நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாக ஊர்ந்து வருவது கேட்டது. கிட்ட வந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. ஓட வேண்டும்போல் இருந்த கால்களை இழுத்துப் பிடித்து, வழியில் தெரிந்தவர்களைக் கண்டால் நின்று சுகம் விசாரித்தாள்.

ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிளின் சத்தம் கேட்காமல் போனது. திரும்பிப் போய்விட்டானோ என்று எவ்லினுக்குத் திக்கென்றது. வீதியோரம் ஒருவன் தள்ளுவண்டியில் மாம்பழம் குவித்து வைத்திருந்தான். அவள் அதன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்து, மணந்து பார்த்து, திரும்ப வைத்தாள். "எடுக்கப் போறீங்களா இல்லையா அம்மா?" என்றான் வண்டிக்காரன்.

"இரு தம்பி, பாத்துத்தானே எடுக்கணும்" என்றாள்.

பஸ் நகர்ந்தது. சைக்கிள் மறுபடியும் உறுமியது. கையிலிருந்த பழத்தை வைத்துவிட்டு, அவன் தன்னைத் தவறவிட்டுவிடாத மெதுவான நடையில், எவ்லின் கடற்பக்கமாக நடந்தாள்.